துருவும் தாரும்

கறைபட்ட மண்ணை லாரியில் ஏற்றி வேறெங்கோ கொட்டிவிட்டு அடுக்குமாடி எழுப்பும் நகரம், குற்றத்தோடு அதன் ஞாபகத்தையும் அகற்றிவிடுகிறது. இது சுத்தமா, மறைப்பா?

அமெரிக்காவின் ஸியாட்டில் நகரில், ஏரிக்கரையில் 1906 முதல் 1956 வரை எரிவாயு ஆலை ஒன்று இயங்கியது. அந்த இடத்தைப் பூங்காவாக்கிய ரிச்சர்ட் ஹாக், துருவேறிய கோபுரங்களை இடிக்கவிடவில்லை. மண்ணையும் மொத்தமாகப் பெயர்த்தெடுக்காமல், சாக்கடைச் சேறும் மரத்தூளும் கலந்து உழுது, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களிடம் விட்டார். 1975ல் பூங்கா திறந்தது.

ஞாபகத்தை அழிக்காத இந்த நேர்மை நம் போன்றவர்களுக்கு உடனே பிடித்துவிடும். அங்கேதான் சிக்கல். ஆழத்தில் தார் தங்கியிருந்தது. 1984ல் மண்ணைப் பரிசோதிக்கப் பூங்காவையே மூட நேர்ந்தது. துருவை ரசிக்கிற கண்ணுக்குத் தார் தெரிவதில்லை. அந்த மண்ணில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஞாபகத்தைக் காப்பாற்றியவனுக்கு அவர்களைக் காப்பாற்றும் கடன் இன்னும் பாக்கியிருக்கிறது. அதை அழகுணர்வைக் கொண்டு அடைக்க முடியாது.