சட்டென்று மூளும் சினம்

ஏமாற்றம்தான் ஆவேசத்தை மூட்டுகிறது என்று 1939-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் டொலார்டும் அவர் சகாக்களும் எழுதினார்கள். ஆனால், வரிசையில் கால்கடுக்க நின்று வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் எல்லோருமா கை ஓங்குகிறார்கள்? சிலர் மட்டும் ஏன்?

2007-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எமில் கொக்காரோ குழு, அடிக்கடி வெடித்துச் சீறும் கோளாறு உள்ளவர்களுக்குக் கோபமுகப் படங்களைக் காட்டி, எம்.ஆர்.ஐ. கருவியால் மூளையைக் கவனித்தது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி அவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகக் கிளர்ந்தது. அதை அடக்க உதவும், கண்குழிக்கு மேலுள்ள பகுதியோ மந்தமாக இருந்தது.

திமிர் என்று இவர்களை ஒதுக்குவது அநியாயம். அதற்காக, அடி வாங்குகிறவர் பொறுத்துப்போக வேண்டும் என்பதல்ல; மாற வழி உண்டு. சிந்தனை-நடத்தைச் சிகிச்சையும் ஃப்ளூவாக்ஸெடின் மருந்தும் பலரிடம் சீற்றத்தைத் தணித்திருக்கின்றன.