நேற்று மாற்றிய எண்ணெய்

மோட்டார் சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பிறர் ஓட்ட அதன் பின்னால் உட்கார்ந்து போன அளவுதான். ஆனாலும் சில மாதங்களாக ஒரு மோட்டார் சைக்கிளின் வயிற்றில் கிடந்த எண்ணெயைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் என் சிநேகிதர் ஒருவர். இங்கிலாந்தில், யார்க்ஷயரில், பல வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அங்கே இருந்தபோது அவரைப் பிடித்து ஆட்டிய பைத்தியத்துக்கு 'டிரையல்ஸ்' என்று பெயர்.

வேகப் பந்தயம் என்று நினைத்துவிடாதீர்கள். பாறையும் சேறும் ஓடை நீருமாகக் கிடக்கும் சிறு துண்டு நிலத்தைக் கால் ஊன்றாமல் கடக்கவேண்டும், அவ்வளவுதான். ஒரு தரம் கால் பட்டால் ஒரு புள்ளி, இரண்டு தரம் பட்டால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை தரம் பட்டாலும் மூன்று. கடக்க முடியாமல் விழுந்தால் ஐந்து. புள்ளி குறைந்தவனே ஜெயித்தவன். ஒவ்வொரு துண்டிலும் ஒருவர் கையில் அட்டையோடு நின்று, ஓட்டுகிறவனின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியத்தைச் சுற்றி இதையே ஆறு நாள் நடத்துகிறார்கள். 1964இல் ஸாமி மில்லர் அங்கே ஏரியல் என்ற கனத்த நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் வென்றார். அடுத்த வருஷமே இலேசான புல்டாகோ என்ற இரண்டு ஸ்ட்ரோக்கில் வந்து வென்றார். அதன் பிறகு நெடுங்காலம் இரண்டு ஸ்ட்ரோக்கின் ராஜ்யந்தான். நடுவில் 1982 முதல் மூன்று வருஷம் எடி லெஜூன் ஹோண்டாவின் நான்கு ஸ்ட்ரோக்கில் உலகப் பட்டம் வாங்கினார். இந்த நூற்றாண்டில் மாண்டேசா வண்டியின் புண்ணியத்தில் நான்கு ஸ்ட்ரோக் மறுபடியும் தலையெடுத்தது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிநேகிதர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் எண்ணெயைப் பெட்ரோலோடு சேர்த்துக் குடித்து, அப்போதைக்கப்போது எரித்துப் புகையாக விட்டுவிடும். அதற்குப் பழசு என்பதே கிடையாது. நான்கு ஸ்ட்ரோக் அப்படியல்ல. அதே எண்ணெய் சுற்றிச் சுற்றி வருகிறது. என்ஜினின் கரி, உலோகத் துகள், பல வண்டிகளில் கிளட்ச் தேய்ந்த தூள்கூட, எல்லாம் அதில்தான் சேரும். மொத்தமே ஒரு லிட்டர் சொச்சம். சில வண்டிகளில் அதுவும் இல்லை. வண்டியோ மனிதன் நடக்கிற வேகத்தில், பாறைக்குப் பாறை முக்கிக்கொண்டு ஏறுகிறது. ஆகவே மைல் கணக்கு இங்கே செல்லாது. மணிக் கணக்கு வைத்து எண்ணெய் மாற்றவேண்டும்.

எந்த எண்ணெய் என்பது வேறு சண்டை. சைவ வைணவச் சண்டை தோற்றது என்றார் சிநேகிதர். காருக்கென்று வரும் சில உயர்ந்த எண்ணெய்களில் உராய்வைக் குறைக்க மருந்து சேர்த்திருக்கும். நல்லதுதானே என்று ஊற்றினால், எண்ணெயிலேயே முழுகிக் கிடக்கும் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிடும். அதற்கு உராய்வுதான் உயிர். இதற்காகவே ஜப்பானியர் 1998இல் 'எம்.ஏ.' என்று ஒரு முத்திரை ஏற்படுத்தினார்கள். டப்பாவின் முதுகில் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் பாதிச் சண்டை தீர்ந்தது.

இனிக் கதைக்கு வருகிறேன்.

சிநேகிதர் பழைய வண்டி ஒன்று வாங்கப் புறப்பட்டார். இரண்டு பேர் விற்பதாகச் சொன்னார்கள். முதல் ஆளின் வண்டியில், என்ஜின் பக்கத்துச் சிறு கண்ணாடி வழியே பார்த்தால், எண்ணெய் கன்னங்கரேல் என்று இருந்தது. "மூன்று போட்டி ஓடிவிட்டது, மாற்றவேண்டும்" என்றான் அவன், கூச்சமே இல்லாமல். இரண்டாவது ஆளின் வண்டியில் எண்ணெய் தேன் மாதிரி இருந்தது. "நேற்றுத்தான் மாற்றினேன்" என்றான் அவன். எவ்வளவு கவனமான மனிதன் என்று சிநேகிதர் அந்த வண்டியையே வாங்கிவிட்டார்.

பத்து மணி நேரம் ஓடுவதற்குள் என்ஜினில் ஒரு டக்டக் சத்தம். கழற்றிப் பார்த்தால் அடியிலிருந்த சல்லடையில் பழைய கசடு. கேம் ஷாஃப்டின் மேடு தேய்ந்திருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த வண்டிக்கு எண்ணெய் மாற்றவே இல்லை என்று மெக்கானிக் சொன்னார். விற்பதற்கு முந்திய இரவு மட்டும் மாற்றியிருக்கிறது.

"அயோக்கியன்!" என்றேன் நான்.

"அவன் பொய் சொல்லவில்லையே" என்றார் சிநேகிதர்.

அன்றிலிருந்துதான் எனக்கு இந்த யோசனை. அவன் சொன்ன வாக்கியத்தில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவன் செய்த காரியமும், எண்ணெய் மாற்று என்று கையேடு சொல்வதுதான். ஆறு மாதத்துக்கு முன்பு, யாரும் பார்க்காத ஒரு ராத்திரி, அதே கையால் அதே எண்ணெயை ஊற்றியிருந்தால் அவனை உத்தமன் என்றிருப்போம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நம் வீடுகளில் சுவருக்கு வெள்ளை அடிப்பதில்லையா? அதை மோசடி என்று யார் சொன்னார்கள்?

ஆனால் வெள்ளைச் சுவரைப் பார்த்து, இவர்கள் வருஷந்தோறும் வெள்ளை அடிப்பவர்கள் என்று எந்தச் சம்பந்தியும் முடிவு கட்டுவதில்லை. 'நமக்காக அடித்திருக்கிறார்கள்' என்று அவருக்கும் தெரியும். எண்ணெய் விஷயம் வேறு. வாங்குகிறவன் அதன் நிறத்தில் விற்கிறவனின் வழக்கத்தைப் படிக்கிறான். அப்படிப் படிப்பான் என்று தெரிந்தே அவன் ஊற்றியிருக்கிறான். பொய் அவன் வாயில் இல்லை. எதிராளியின் மனசில் அதை விளையவிட்டுச் சும்மா இருந்துவிட்டான். நடந்ததை நடந்தபடி சொல்வதை வள்ளுவர் வாய்மைக்கு அளவாக வைக்கவில்லை. கேட்டவனுக்குத் தீங்கு வராமையை வைத்தார். அந்தக் கோலால் அளந்தால் 'நேற்றுத்தான் மாற்றினேன்' என்பது வடிகட்டின பொய். சுத்தப் பிரதியை மட்டும் அச்சுக்குக் கொடுத்துப் பெயர் வாங்குகிற தொழில் என்னுடையது. ஆகவே இதில் நான் ரொம்பக் கண்டிப்புக் காட்டக் கூடாதோ, என்னவோ!

சிநேகிதருக்கு உறுத்தியது அந்த ஆள் அல்ல. முதல் ஆள்தான். எண்ணெய் கறுப்பது பெரும்பாலும் குற்றமே அல்லவாம். அழுக்கைத் தனக்குள் வாங்கி, படியவிடாமல் மிதக்க வைப்பதற்கென்றே அதில் மருந்து சேர்க்கிறார்கள். வேலை செய்த எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். "உண்மை சொன்னவனைத் தள்ளிவிட்டு நிறத்தை வாங்கினேன். அப்புறம் எந்த முகத்தோடு இன்னொருவனைத் திட்டுவது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் என்னிடம் பதில் இல்லை. நாம் எல்லோரும் நிறத்தையே வாங்கிக்கொண்டிருந்தால் விற்கிறவன் நிறத்தைத்தானே தயார் செய்வான்?

ஊர் திரும்பும் சமயம் அவரே அந்த வண்டியை விற்க வேண்டியிருந்தது. பழுது பார்த்துக் கருத்தாக வைத்திருந்தார். ஆனாலும் எண்ணெய் கறுத்திருந்தது. மாற்றவேண்டிய கெடுவும் தாண்டிவிட்டது. பழைய எண்ணெயோடு இன்னொருவன் தலையில் கட்டுவதும் சரியல்ல. மாற்றிவிட்டால், தம்மை ஏமாற்றியவன் செய்ததையே அட்சரம் பிசகாமல் தாமும் செய்ததாகும். இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்றார். விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

கடைசியில் என்ஜினைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்கி, எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினார். வடித்ததை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து வண்டிக்குப் பக்கத்திலேயே வைத்தார். சல்லடையையும் கழுவாமல் ஒரு காகிதத்தின்மேல் வைத்தார்.

பதினாறு பதினேழு வயசுப் பையன் ஒருவன் தகப்பனாரோடு வந்தான். பையன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். தகப்பனார் வண்டியைப் பார்க்கவே இல்லை. ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்துக் கட்டை விரலோடு தேய்த்தார், முகர்ந்தார்.

"எத்தனை மணி நேரம் ஓடியது?"

"பதினெட்டு. பதினைந்தில் மாற்றியிருக்க வேண்டும்."

அந்த மூன்று மணி நேரத்துக்காக அவர் 50 பவுண்டு குறைத்துக் கேட்டாராம்.

"குறைத்தீர்களா?" என்றேன்.

"குறைத்தேன். ஜாடியையும் கேட்டார்; கொடுத்துவிட்டேன்" என்றார் சிநேகிதர்.