பேறுகால வேதனையும் தயா தர்மமும்

மனிதன் படும் துன்பங்களில் எவற்றை மருந்தால் மாற்றலாம், எவற்றைப் பொறுத்துக்கொள்வதே அறம் என்னும் வினா சமயங்கள் தோன்றிய காலந்தொட்டு இருந்துவருவதேயாயினும், தலைவலிக்கும் பல்வலிக்கும் எழாத அவ்வினா பிரசவ வேதனை ஒன்றுக்கு மாத்திரம் இன்றுவரை விடாமல் எழுந்துகொண்டிருப்பது சிந்திக்கத்தக்கது. பல்லைப் பிடுங்குமுன் ஈறு மரத்துப்போக ஊசி போட்டுக்கொள்பவரை நோக்கி, இதைக்கூடத் தாங்கமாட்டீரா என்று கேட்பார் எவருமில்லை, இரவு முழுவதும் இடுப்பு வலியில் துடித்த பெண் அது தணிய ஊசி வேண்டுமென்று கேட்டாலோ, "நாங்களெல்லாம் பெறவில்லையா?" என்ற சொல், அவள்பால் மெய்யான அன்புடைய மூத்த பெண்களின் வாயிலிருந்தே வந்துவிடுகிறது. அப்படிச் சொல்பவர்கள் கல்நெஞ்சினர் அல்லர். தாம் பட்டதைப் பயனற்றதென்று எண்ண எந்த மனமும் இசையாதாகையால், வலியே தாய்மைக்கு விலை என்னும் ஒரு கொள்கையைத் தமக்கு ஆறுதலாகக் கைக்கொண்டவர்கள். அக்கொள்கை நம் சமய நெறிக்கு உடன்பாடானதுதானா என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் விஷயம்.

எபிட்யூரல் என்று மருத்துவர்கள் சொல்வதும், நம் ஊர்களில் முதுகில் போடும் ஊசி என்று வழங்குவதுமான இம்முறை, 1921-ஆம் ஆண்டில் பிதேல் பாஹேஸ் என்ற ஸ்பெயின் தேசத்து ராணுவ மருத்துவர் அறுவை சிகிச்சைக்கென விவரித்து எழுதியதிலிருந்து வளர்ந்ததாகும். முதுகின் கீழ்ப்பகுதியில், தண்டுவடத்தைச் சூழ்ந்த உறைக்கு வெளியே உள்ள குறுகிய இடைவெளியில் ஊசியைச் செலுத்தி, அதன் வழியே மெல்லிய குழாயொன்றை வைத்துவிட்டு, ஊசியை எடுத்துவிடுவார்கள். கருப்பையிலிருந்து வேதனையை ஏந்திச் செல்லும் நரம்புகள் மரத்துப்போகும் அளவுக்கு, பியூபிவகைன் முதலிய மருந்து அக்குழாய் வழியே சிறுகச் சிறுகச் செலுத்தப்படும். தாய் நினைவிழப்பதில்லை, பேசுகிறாள், பிள்ளையின் முதல் அழுகுரலைத் தானே கேட்கிறாள். இரத்த அழுத்தம் தாழ்தல், கால் கனத்தல், சிலருக்குப் பின்னர்த் தலைவலி, பிள்ளை வெளிவரும் கட்டம் சற்று நீளுதல் ஆகிய தொல்லைகள் இதற்கு உண்டாதலால், மயக்க மருத்துவரும், தாயையும் சிசுவின் இதயத் துடிப்பையும் ஓயாமல் கவனிப்போரும் உள்ள இடத்திலேயே இதைச் செய்யலாகும். இந்த ஊசியால் ஆயுளுக்கும் முதுகுவலி வந்துவிடும், வயிற்றைக் கிழித்தே பிள்ளையை எடுக்க நேரும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கிய காக்ரேன் மதிப்பீடு 2018-இல் அவ்விரு அச்சங்களுக்கும் ஆதாரம் காணவில்லை. ஆரோக்கியமான கர்ப்பிணி தானே கேட்டால், அவளுடைய விருப்பத்தை அனுசரித்து இதை அளிக்கலாமென்று உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில் பரிந்துரைத்தது. வைத்திய சாஸ்திரம் தன் பதிலைச் சொல்லிவிட்டது. தர்மம் சொல்வது யாது என்பதே எஞ்சி நிற்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் பதினொரு நிலைக் கோபுரமும் ஆண்டாள் நாச்சியாரும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் அவ்வூரை அடுத்த மடவார் வளாகத்தில், வைத்தியநாதர் என்ற திருநாமத்தோடு சிவபெருமான் எழுந்தருளியிருக்கும் ஆலயத்தின் தல வரலாறு நம் வினாவுக்கு நேரே விடை தருவது. பேறுகாலம் நெருங்கியும் தாய் வந்து சேராமையால், தானே தாய்வீட்டை நோக்கிப் புறப்பட்ட ஏழைப் பெண்ணொருத்தி, நடுவழியில் வலி கண்டு துணையின்றிக் கதறியபோது, இறைவன் அவளுடைய தாயின் உருவெடுத்து வந்து பிரசவம் பார்த்தான் என்றும், அவளுக்குத் தாகம் எடுக்கவே விரலால் நிலத்தைக் கீறி நீர் வருவித்தான் என்றும், தாகம் தீர்த்து மருந்தாகவும் ஆன அந்நீரே காயக்குடி ஆறு என்று பெயர் பெற்றது என்றும் அவ்வரலாறு கூறும். பக்தையின் பொறுமையைச் சோதிக்க வந்ததாகவோ, வினைப்பயனை அனுபவித்துத் தீர் என்று உபதேசித்ததாகவோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்ததும், அருகிருந்ததும், மருந்து தந்ததுமே அவ்விடத்தில் தெய்வம் செய்த காரியங்கள்.

இது ஓரூர்க் கதையென்று ஒதுக்கிவிடவும் இயலாது. காவிரி வெள்ளத்தால் தாய் வரமுடியாமற்போன ரத்தினாவதிக்குத் தாயாக வந்தமையாலன்றோ திருச்சிராப்பள்ளிப் பெருமான் தாயுமானவர் என்று போற்றப்படுகிறார். சுகப்பிரசவம் வேண்டி அச்சந்நிதியில் இன்றும் வாழைத்தார் சமர்ப்பிக்கிறார்கள். திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகையின் பிரசாதமாகப் பெற்ற விளக்கெண்ணெயை, நோவு எளிதில் தீர வேண்டுமென்று கர்ப்பிணியின் வயிற்றில் தடவுகிறார்கள். சூலோடு இறந்த பெண்ணின் பாரம் இறங்கட்டுமென்று வழியோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டுவைத்தவர்கள் நம் முன்னோர்கள். இறந்தபின்னும் அவளுடைய சுமையை நினைத்து வருந்திய சமுதாயம் அது. எளிய பிரசவத்துக்காக எண்ணெயைப் பிரசாதமாக ஏற்கும் பக்தி, அதே நோக்கத்துக்காக வைத்தியன் தரும் மருந்தை மாத்திரம் தெய்வ சித்தத்துக்கு விரோதமென்று எண்ணுவதற்கு நியாயம் ஏதுமில்லை.

மடவார் வளாகத்து வரலாற்றில் இன்னொரு பகுதியும் உண்டு. மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் தீராத வயிற்றுவலியால் வருந்தி, வைத்தியநாதர் சந்நிதியில் அந்நோய் நீங்கப்பெற்று, நன்றியாகத் திருப்பணிகள் செய்தார் என்பது அது. மன்னருடைய வயிற்றுவலி நீங்க வேண்டியதே என்பதில் அன்றும் எவருக்கும் ஐயம் எழவில்லை. வலியைத் தாங்குவதே அரசனுக்கு அழகென்று யாரும் சொல்லவில்லை. ஒரே சந்நிதியில் மன்னரின் நோயும் ஏழைப் பெண்ணின் நோவும் ஒருங்கே அருளுக்கு இலக்காயிருக்க, நாம் மட்டும் ஒன்றை நோயென்றும் மற்றொன்றைக் கடமையென்றும் பிரித்துவைப்பது எந்த நீதியின்பாற்படும்?

கர்மபலனை அனுபவித்தே தீர வேண்டுமென்பது உண்மையாயின் வேதனையைத் தணிப்பது வீண் முயற்சி அல்லவா என்று கேட்பார் உளர். கர்ம சித்தாந்தம், தனக்கு வந்த துன்பத்தைக் குறித்து ஒருவன் பிறரை நோகாதிருக்கக் கற்பிப்பது. பிறனுக்கு வந்த துன்பத்தைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க அது அனுமதி தருவதில்லை. தருமாயின் பசித்தவனுக்கு அன்னமிடுதலும் பாவமாகிவிடும். இன்னும் சிலர், பிரசவ வேதனை ஒரு தவமென்றும், அதைக் குறைத்தல் தவத்தின் பலனைக் குறைப்பதென்றும் கருதுவர். தவத்துக்கு உயிர்நிலை சங்கல்பம். தானே விரும்பி மேற்கொண்டாலன்றி எந்த வருத்தமும் தவமாகாது. சாஸ்திரம் விதியாத கோரமான தவத்தால் உடலையும் உள்ளுறையும் இறைவனையும் வருத்துவோரைக் கீதையின் பதினேழாம் அத்தியாயம் கடிந்து பேசுகிறது. தன்னைத் தானே வருத்திக்கொள்வதற்கே இவ்வளவு தடையிருக்குமாயின், பிறர் வருத்தத்தைத் தவமென்று பெயரிட்டு அவர்மேல் சுமத்துவதைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வேதனையைத் தாங்கியே பெறுவேன் என்று ஒருத்தி தன் உள்ளத்தில் உறுதிகொண்டால், அது அவளுடைய தவம். நாம் தலைவணங்க வேண்டியதே. அவளுக்காக அவள் மாமியாரோ, கணவனோ, மருத்துவரோ அச்சங்கல்பத்தைச் செய்துவிட முடியாது.

இவ்வினா நமக்கு மாத்திரம் உரியதன்று. எடின்பரோ நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்ஸன் 1847-இல் பிரசவத்துக்கு முதலில் ஈதரையும் பின்னர்க் குளோரோபாரத்தையும் பயன்படுத்தியபோது, ஏவாளுக்குக் கடவுள் விதித்த துன்பத்தை மனிதன் மாற்றலாகுமா என்று சிலர் வேதாகமத்தை முன்னிறுத்தி வினவினர். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கடவுளே அவனுக்கு ஆழ்ந்த உறக்கத்தை வருவித்தார் அன்றோ என்று அதே வேதாகமத்திலிருந்து சிம்ப்ஸன் விடை பகர்ந்தார். 1853-இல் விக்டோரியா மகாராணியின் பேறுகாலத்தில் ஜான் ஸ்நோ குளோரோபாரம் கொடுத்தபின் தயக்கம் வெகுவாகக் குறைந்தது; 1956-இல் போப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், வேதனையில்லாப் பிரசவம் வேதத்துக்கு முரணன்று என்று வெளிப்படையாகவே உரைத்தார். சாபம் என்ற கொள்கையை நூலிலேயே உடைய சமயம் அதைக் கடந்துவந்திருக்க, அப்படியொரு சாபத்தை அறியாத நம் மரபு தயங்குவானேன்?

தாய்மையின் சாரம் வேதனையில் இருக்கிறதா என்பதே இவ்விஷயத்தின் வேர். தாய்மைக்குப் பரம உதாரணமாக நம் இலக்கியமும் பக்தியும் கொண்டாடுவது யசோதையை. பாகவதத்தின் தசம ஸ்கந்தம் சொல்லும்படி, அவள் களைப்பாலும் நித்திரையாலும் நினைவு மறந்து, பிறந்தது ஆணா பெண்ணா என்பதையும் அறியாதிருந்தாள். அவள் மார்போடணைத்து வளர்த்த கண்ணனோ அவள் வயிற்றில் பிறந்தவனே அல்லன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூமாலை தொடுத்த பெரியாழ்வார், ஆண்மகனாயிருந்தும், அந்த யசோதையின் உள்ளத்தையே தம் உள்ளமாகக் கொண்டு, தாலாட்டும், நீராட்டலும், பூச்சூட்டலுமாகத் தாய்மையைப் பாடி நிறைத்தார். துளசிச் செடியின்கீழ்க் கண்டெடுத்த குழந்தையைத் தம் மகளாக வளர்த்தவரும் அவரே. கண்ணனை வயிற்றில் சுமந்து பெற்ற தேவகியின் புலம்பலாகக் குலசேகராழ்வார் பாடிய பதிகத்திலோ, பெற்றும் தாலாட்டும் பேறு பெறவில்லையே, பால் கொடுத்து அவன் முகம் பார்க்கும் பேறு பெறவில்லையே என்ற ஏக்கமே நிறைந்திருக்கிறது. வேதனைப்பட்டுப் பெற்றேன், அதுவே போதும் என்று தேவகி நிறைவு கொள்ளவில்லை. வளர்க்கும் அன்பினாலேயே தாய் தாயாகிறாள் என்பது ஆழ்வார்கள் கண்ட உண்மையாயின், சில மணி நேரத்து வலியைத் தணித்துக்கொண்டமையால் ஒருத்தியின் தாய்மை குறைந்துவிடும் என்று அஞ்சுவதற்கு இடமேது?

நடைமுறையில் நாம் கொண்டிருக்கும் முரண்பாடு இதைவிட வியப்புக்குரியது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன் மூலமே பிறக்கின்றன; தனியார் மருத்துவமனைகளில் அது 64 சதவீதத்தை எட்டுகிறது. அவ்வறுவைக்காகப் பெரும்பாலும் முதுகிலேயே ஊசி போடுகிறார்கள். அதற்கு எந்தக் குடும்பமும் மறுப்புச் சொல்வதில்லை. கத்தி படுவதற்காக முதுகில் ஊசி என்றால் சம்மதிக்கும் நாம், கத்தி படாமல் வேதனை மட்டும் தணிவதற்காக என்றால் தயங்குகிறோம். பெண்ணின் வேதனை தன்னளவில் ஒரு காரணமாக நம் கணக்கில் இடம்பெறவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எனக்குத் தோன்றவில்லை.

ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்களிடையே தயை என்னும் குணத்தின் இலக்கணம்பற்றி ஒரு நுட்பமான கருத்து வேற்றுமை உண்டு. பிறர் துன்பத்தைக் கண்டு தானும் துன்புறுதலே தயை என்பது தென்கலையார் கொள்கை. பிறர் துன்பத்தைப் போக்க விழைதலே தயை என்பது வடகலையார் கொள்கை. பிரசவ அறையின் வாசலில் நின்று பார்க்கையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று வேண்டி நிற்பது தெளிவாகும். துன்புறுவதோடு நின்றுவிடும் தயை, கண்ணீர் விட்டுவிட்டு வேதனையை இருந்தபடியே விட்டுவிடக்கூடும். போக்குவதை மட்டும் கருதும் தயை, ஊசியைப் போட்டுவிட்டு, அஞ்சிக் கிடக்கும் பெண்ணைத் தனியே விட்டுப் போய்விடக்கூடும். தாயோ சகோதரியோ பிரசவத் துணையாக உள்ளே இருக்கத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் இடந்தந்திருப்பது முதல்வகைத் தயைக்கு அமைந்த ஒரு நல்ல ஏற்பாடு. அதை நிறைவுசெய்ய இரண்டாம் வகைத் தயையும் அவ்வறைக்குள் புகவேண்டும். வைத்தியநாதர் அருகிருந்ததோடு அமையாது, மருந்தும் கொடுத்தார் என்பதை மறந்துவிடலாகாது.

இன்று எபிட்யூரல் என்பது பெரும்பாலும் பெருநகரத்துத் தனியார் மருத்துவமனைகளில் பணம் கொடுப்போர்க்கே எளிதாயிருக்கிறது. ராஜபாளையத்து நூற்பாலைகளில் வேலைபார்க்கும் பெண்ணும், அருகே சத்திரப்பட்டியில் உலகத்தார் புண்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை நெய்யும் பெண்ணும், ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றிய கிராமங்களில் வயலில் களையெடுக்கும் பெண்ணும், அப்படியொன்று உண்டென்று அறியாமலேயே பிள்ளை பெற்றுவிடுகிறார்கள். ஊசியும் மருந்தும் அரியவை அல்ல. இரவிலும் பகலிலும் காத்திருக்கும் மயக்க மருத்துவரும், தாயை விட்டு அகலாத செவிலியரும், பிரசவத்தை அவசரப்படுத்தாத பொறுமையுமே அரியவை. இவை அமையாத இடத்தில் இம்முறையைப் புகுத்துவது ஆபத்து; அமையவில்லையே என்று அமைக்காதிருப்பது அதர்மம். கோயிலுக்குக் கோபுரமும் குளமும் எடுத்த கைகளும், கல்விச்சாலைகளும் ஆலைகளும் நிறுவிய கைகளும் இவ்வட்டாரத்தில் குறைவல்ல. மக்கள் கேட்டால் அரசும் செய்யாமலிராது. கேட்பதற்கு முதற்படி, இது கேட்கத்தக்கதே என்று நாம் நம்புவது.

ஆகவே, கர்ப்பிணிக்கு ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ, பரிசோதனைக்கு வரும்போதே, இம்முறையின் நன்மையும் தொல்லையும் அவளுக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைக்கப்பட வேண்டும். வேண்டாமென்றால் அவளுடைய உறுதிக்கும், வேண்டுமென்றால் அவளுடைய கோரிக்கைக்கும் ஒரே மரியாதை கிடைக்க வேண்டும். அக்கோரிக்கை நிறைவேறுவது அவள் கணவனின் வருமானத்தைப் பொறுத்ததாக இருத்தல் கூடாது. வலியைத் தாங்கிப் பெற்ற முந்தைய தலைமுறைத் தாய்மாரின் பெருமைக்கு இதனால் எள்ளளவும் குறைவில்லை. வேறு வழியற்ற காலத்தில் அவர்கள் காட்டிய தைரியம் என்றைக்கும் வணக்கத்துக்குரியது. வழி பிறந்துவிட்ட காலத்தில், தாம் பட்டதைத் தம் மகள் பட வேண்டாமென்று சொல்லும் முதற்குரல் அத்தாய்மாரிடமிருந்தே எழுமாயின், தயா தர்மத்தின் பூரண வடிவம் அதுவேயாகும்.