பழைய மிதிவண்டியும் கொடையின் அறமும்

முன்னோர் பயன்படுத்திய பொருளைச் செப்பனிட்டு அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்பது நற்செயல் என்பதில் எவர்க்கும் ஐயம் இராது. ஆயினும் அந்நற்செயலுக்குள் இரண்டு வினாக்கள் மறைந்து கிடக்கின்றன. பழுது நீக்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பது முதல் வினா. கொடுத்து முடித்த பின்னர் அப்பொருளின்மீது கொடுத்தவர்க்கு ஏதேனும் உரிமை எஞ்சுமா என்பது இரண்டாம் வினா. முன்னது கைத்தொழில் பற்றியது போலவும் பின்னது அறம் பற்றியது போலவும் தோன்றும். எண்ணிப் பார்ப்பின் இரண்டும் அறம் பற்றியனவே. எங்கள் இல்லத்து மிதிவண்டி ஒன்றைக் கொண்டு இவற்றை ஆராய முற்படுவோம்.

இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் கூட்டோடு 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர்த் தொழிற்சாலையில் உருவான ஹெர்குலிஸ் வண்டி அது. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்த தந்தையார் 1968இல் அதனை வாங்கினார். சைக்கிளுக்கு ஆண்டுதோறும் வரி கட்டி வில்லை பெற வேண்டியிருந்த காலம் அது. இரவில் விளக்கின்றிச் சென்றால் காவலர் வழிமறிப்பர். ஒரு நடுத்தரக் குடும்பத்தில் சைக்கிள் என்பது சொத்து. 2006இல் தந்தையார் மறைந்தபின் அது மாட்டுக் கொட்டிலின் மூலையில் சாய்ந்தே கிடந்தது. 2023இல் ரயில் பார்சலில் தில்லி வந்து சேர்ந்தது. கல்லூரியில் சேர்ந்திருந்த மகள் வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் வரை சென்று வருவதற்கு அதனையே பழுது நீக்கிப் பரிசாக அளிப்பது என்று முடிவு செய்தோம். பெண்பிள்ளைக்குப் பார் வைத்த வண்டியா என்று உறவினர் சிலர் வினவினர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே சைக்கிள் கற்ற பெண்கள் பலர் இத்தகைய வண்டிகளையே ஓட்டினர். குழந்தையை அமர்த்த வசதியென்று பார் வைத்த வண்டியையே விரும்பியோரும் இருந்தனர். அதைக் கூறியதும் உறவினர் அமைதியுற்றனர்.

பழுது நீக்கும் பணி ஒரு மாத காலம் நடந்தது. பெடல் கட்டையைப் பிணைக்கும் காட்டர் பின் துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறிய பிறகே அசைந்து கொடுத்தது. முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 ஆக 72 கம்பிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. 28க்கு 1½ அளவு டயரும் டியூபும், செயினும், பிரேக் கட்டைகளும், அச்சுகளில் உருளும் குண்டுகளும் ஜண்டேவாலான் சைக்கிள் கடைவீதியில் கிடைத்தன. அம்பத்தூரில் பிறந்த வண்டிக்கு லூதியானாவில் செய்த உறுப்புகள் பொருந்தின. வண்டியின் சட்டமும், முன் ஃபோர்க்கும், ஹேண்டில்பாரும், மணியும், தோல் இருக்கையுமே பழையனவாக எஞ்சின.

எங்கள் குடியிருப்பின் மரத்தடியில் தொழில் செய்யும் மெக்கானிக் வேறெதையும் தொடுமுன், சட்டத்தின் குழாய்கள் கூடும் இடங்களில் மட்டும் உப்புத்தாள் கொண்டு சுரண்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசல் இருந்தால் வேலையை ஏற்பதில்லை என்பது அவர் கொள்கை. விரிசலின்மேல் வண்ணம் பூசினால் கண்ணுக்கு அழகாயிருக்கும். ஏறி ஓட்டுபவர்க்கோ அது பொய்யாகும். நினைவின்மீது கொண்ட பற்றினால் பாதுகாப்பற்ற பொருளைப் பிறர் கையில் கொடுப்பது அன்பாகாது. உயிரைத் தாங்கும் உறுப்பில் பழமைக்கு இரக்கம் காட்டலாகாது என்பது முதல் வினாவுக்குரிய விடையின் ஒரு பாதி.

இத்தனை உறுப்புகளை மாற்றிய பின்பும் அது தாத்தாவின் வண்டிதானா என்று மகள் கேட்டாள். இது பழைய வினா. பாலி மொழியிலுள்ள ‘மிலிந்த பஞ்ஹ’ என்னும் நூலில், தேரில் வந்ததாகக் கூறும் யவன அரசன் மிலிந்தனிடம், அச்சுதான் தேரா, சக்கரந்தான் தேரா, நுகந்தான் தேரா என்று நாகசேனர் என்னும் துறவி ஒவ்வொன்றாக வினவுகிறார். எதுவும் தனியே தேர் ஆகாது. அவையெல்லாம் கூடியிருக்கையில் வழங்கும் பெயரே தேர் என்னும் கருத்து அங்கு நிலைநாட்டப்படுகிறது. எங்கள் வண்டிக்கும் இது பொருந்தும். தந்தையார் காலத்திலேயே டயர்கள் பலமுறை மாறின, செயின் மாறியது, விளக்கு மாறியது. அவர் தம் வண்டியைத் தாமே மாற்றிக்கொண்டுதான் வந்தார். அப்போதெல்லாம் அது அவர் வண்டியா என்று எவரும் ஐயுறவில்லை.

விடையின் மறுபாதி ஒரு தேய்வில் இருந்தது. பாரின் நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு வண்ணம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. துண்டை மடித்துப் போட்டுப் பிள்ளைகளை அமர்த்திப் பள்ளிக்கு ஓட்டிச் சென்ற இடம் அது. அதனால் வண்டியின் ஓட்டத்துக்கு இடையூறு ஏதுமில்லை. துருவை மட்டும் துடைத்து, நிறமற்ற வார்னிஷ் பூசி, அத்தேய்வை அப்படியே விட்டோம். பழுது நீக்குபவர் ஒரு காப்பாளர் மட்டுமே. கெட்டுப்போனதை மாற்ற அவருக்கு உரிமையுண்டு. கெடாத அடையாளத்தை அழிக்க உரிமையில்லை.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களைத் தொல்காப்பியம் வகைப்படுத்துகிறது. தாழ்ந்தோன் ‘ஈ’ என்பான். ஒப்போன் ‘தா’ என்பான். உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். கருதத்தக்கது யாதெனின், இம்மூன்றும் கேட்போர் வாயில் பிறக்கும் சொற்கள். பெறுபவர் முதலில் கேட்கிறார். பிறகே பொருள் கைமாறுகிறது. குடும்பப் பொருளோ பெரும்பாலும் எவரும் கேளாமலே வந்து சேர்கிறது. ‘இது தாத்தாவுடையது, பத்திரமாக வைத்துக்கொள்’ என்று கூறிக் கொடுக்கும்போது பொருளோடு ஒரு கடமையையும் சேர்த்தே கட்டிக் கொடுக்கிறோம். கேளாத பொருளை ஏற்பவர் கேளாத கடமையையும் ஏற்க வேண்டுமா?

வண்டியை ஒப்படைத்த நாளில் அந்தத் தேய்வின் வரலாற்றை மகளுக்கு முழுமையாகச் சொன்னோம். மூன்று மாதம் ஓட்டிய பின், அவள் தோல் இருக்கையை எடுத்துவிட்டு மெத்தென்ற இருக்கை பொருத்தினாள். முன்னே கூடை மாட்டினாள். பின்னர் வண்டி முழுவதற்கும் நீல வண்ணம் பூசுவித்தாள். பாரில் இருந்த தேய்வும் நீலத்துக்குள் மறைந்தது. எங்களுடன் வாழும் அன்னையார் சில நாள் அந்த வண்டியைப் பார்க்கவே மறுத்தார். “அவர் கை பட்ட இடமெல்லாம் போயிற்றே” என்பது அவர் துயரம். அத்துயரம் உண்மையானது. மறைந்த அடையாளம் திரும்பி வாராது என்பதும் உண்மை.

எனினும் மகளைத் தடுக்க எங்களுக்கு உரிமை இருந்ததாக நாங்கள் கருதவில்லை. காப்பாளர்க்குரிய கட்டுப்பாடு வேறு. உரிமையாளர்க்குரிய சுதந்திரம் வேறு. கொடுக்கும்வரை நாங்கள் காப்பாளர்கள். ஆகவே அடையாளத்தைக் காத்தோம். கொடுத்தபின் அவள் உரிமையாளர். வரலாற்றை அறிந்தே தன் விருப்பத்தைச் செய்தாள். அவள் பாட்டனாரும் அந்த வண்டியை அவ்வாறே தம் தேவைக்கேற்ப ஆண்டார். மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தால், அவளுக்குக் கிடைத்திருப்பது ஒரு வண்டியின் காவற்பணியே ஆகும். கொட்டிலில் 17 ஆண்டுகள் எல்லா அடையாளங்களோடும் கிடந்த வண்டி எவரையும் எங்கும் கொண்டு சேர்க்கவில்லை என்பதையும் மறத்தற்கில்லை.

அப்படியாயின் முன்னோர் நினைவு அழிந்துவிடாதா என வினவலாம். நினைவைக் காக்கும் பொறுப்பைப் பொருளின் தலையில் மட்டும் ஏற்றுவதால் எழும் அச்சம் இது. வண்ணத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிக் கொடுக்கும் கடமை மூத்தோருடையது. அதைச் செய்ய இரும்பில் தேய்வு இருந்தாக வேண்டும் என்பதில்லை. சொல்லாமல் ஒப்படைத்த பொருள் எத்துணைப் பழமையோடு இருப்பினும் பெறுபவர்க்கு அது வெறும் பழைய இரும்பே.

ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில் இத்தகைய பொருள்கள் பல உண்டு. பித்தளை அண்டா, ஊஞ்சற்பலகை, வீணை, எழுத்துப் பெட்டி என ஒவ்வொன்றும் நெடுந்தொலைவு கடந்து வந்தது. அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுக்கையில் துருவைத் துடைத்து, விரிசலை மறைக்காமல் காட்டி, கதையை முழுவதும் சொல்லிக் கொடுப்போம். அதன்பின் ஊஞ்சற்பலகை புத்தகத் தட்டாக மாறினாலும், அண்டாவில் செடி வளர்ந்தாலும், அது அவர்கள் வீட்டுப் பொருளாகிவிட்டது என்று மகிழக் கற்றுக்கொள்வோம். வருந்துவதற்கும் இடமுண்டு, திருப்பிக் கேட்பதற்கு மட்டும் இடமில்லை.