உன் கதையை ஊர் எழுத விடாதே!

"இவனுக்கு இவ்வளவுதான்", "இவள் என்ன கிழிக்கப்போகிறாள்?" என்று உன் காதுபடவே பேசுகிறார்களா? பேசட்டும். நீ யார் என்று தீர்ப்பெழுத அவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

1966. கொரியாவின் அனாதை இல்லம் ஒன்றிலிருந்து ஒரு சிறுமியை அமெரிக்காவுக்குத் தத்து அனுப்பினார்கள். காகிதத்தில் இருந்த பெயர் சா ஜங் ஹீ. அவளோ காங் ஓக் ஜின்! அனுப்ப வேண்டிய பிள்ளையை அதன் அப்பா வந்து கூட்டிப்போய்விட, அந்தப் பிள்ளையின் பெயரில் இவளை விமானம் ஏற்றிவிட்டார்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று வாய்ப்பூட்டு வேறு. அனாதை என்றார்கள், பெற்ற தாய் உயிரோடு இருந்தாள்.

அந்தச் சிறுமி டீஆன் போர்ஷே லீம் என்ற திரைப்பட இயக்குநராக வளர்ந்தார். 2000-ல் தன் கதையை 'ஃபர்ஸ்ட் பெர்சன் ப்ளூரல்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். பிறகு, தான் சுமந்த பெயருக்குச் சொந்தக்காரியைத் தேடிப்போய் 2010-ல் இன்னொரு படம். இவரைப் போல் தத்துப்போனவர்கள் பலர் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2025 மார்ச்சில், தத்து ஆவணங்கள் திரிக்கப்பட்டதைத் தென்கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணையமே உறுதிசெய்தது.

கொரியா தூரமா? நம் திண்டுக்கல்லையே பார்!

சாவு வீட்டில் அடிக்கவென்று ஒரு சாதியின் தலையில் கட்டிய கருவி பறை. பெண் அதைத் தொடவே கூடாது என்றார்கள். சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு அதே பறையைத் தலித் பெண்பிள்ளைகளின் தோளில் மாட்டியது. ஆட்டத்துக்கு முன் நெருப்பு மூட்டி அதன் சூட்டில் பறையைக் காட்டுவார்கள். தொய்ந்த தோல் விறைக்கும். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறுகையில் மெலிந்த சிண்டுக்குச்சி. அடி விழுந்ததும் கால்கள் ஒன்றாகக் கிளம்பும். எதைக் காட்டி இழிவுபடுத்தினார்களோ, அதையே மேடையேற்றிச் சாதிக்கும் பெண்ணடிமைக்கும் எதிராக முழங்கினார்கள்!

அநீதியை விழுங்கிவிட்டுச் சிரி என்று நான் சொல்லவில்லை. அதன் பெயரைச் சொல்லிக் கேள். ஆனால் வெறும் கோபம் நாலு நாளில் ஆறிவிடும். தொழில் கற்ற கோபம்தான் நிலைக்கும். லீம் கேமராவைக் கற்றார். நம் பெண்கள் அடியும் அடவும் கற்றார்கள், கை காய்க்கும்வரை. கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று நூறு தடவை சொன்னால் தன்னம்பிக்கை வராது. நேற்று வராத அடி இன்று கையில் விழும்போது தானாக வரும்.

வேடசந்தூர் மில் பஸ்ஸில் ஏறும் தங்கையே, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தம்பியே! உன்னைப் பற்றி ஊர் சொல்வதில் எது பொய்? இன்றைக்கே நோட்டை எடுத்து எழுது. பாட வந்தால் பாடு. கையில் செல்போன் இருக்கிறதே, படம் பிடி. சரியாக வரவில்லையா? மறுபடி பிடி. ஒத்த மனசுக்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொள். தனிக்குரலை அமுக்குவது சுலபம், கூட்டுக்குரலை அமுக்க முடியாது.

பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும். நீ அடியை நிறுத்தாதே!