திருநீலகண்டக் குயவனாரும் திருவோடும்



கும்பாபிஷேகத்துக்குக் குடம் வேண்டும். தைப்பொங்கலுக்குப் புதுப்பானை வேண்டும். கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி வேண்டும். மண்ணெடுத்து இவற்றை வனைந்து தருபவர் குயவர். அம்மரபிலே தோன்றி அறுபத்துமூவருள் ஒருவராய் விளங்குபவர் திருநீலகண்ட நாயனார். அவரது குருபூசை தை மாத விசாகத்திலே வருகின்றது.

தில்லையிலே வாழ்ந்த நாயனார் மண்ணைப் பிசைந்து, சக்கரத்திலே வனைந்து, சூளையிலே சுட்டுக் கலங்கள் செய்தார். அவர் மனம் உவந்து செய்தது அடியார்களுக்குக் கொடுக்கும் திருவோடாகும். இந்தத் தொண்டுக்கு ஊற்று எது? பிறர் வாழத் தாம் நஞ்சைத் தாங்கிய பெருமானின் கண்டமே. அதனாலன்றோ "திருநீலகண்டம்" என்பது அவர் நாவிலே நீங்காதிருந்தது.

அத்தகைய அடியாரும் ஒருநாள் தவறினார். பரத்தை வீட்டுக்குச் சென்று வந்தார். மனம் நொந்த மனைவியார், "எம்மைத் தீண்டாதீர்" என்று திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டார். "எம்மை" என்ற பன்மையைக் கேட்ட நாயனார், மற்றெந்த மாதரையும் மனத்தாலும் தீண்டேன் என்று உறுதி பூண்டார். ஒரே வீட்டிலே, அயலார் அறியாமல், இருவரும் அவ்வாறே வாழ்ந்து முதுமை எய்தினர். மனைவியார் மற்றப் பணிவிடைகளிலே குறை வைக்கவில்லை.

அப்பொழுது பெருமான் சிவயோகியாராக வந்து, ஓர் ஓட்டைக் கொடுத்து, "நான் கேட்கும்போது தா" என்று சொல்லிப் போனார். பின்பு அதை மறைத்து, திரும்ப வந்து கேட்டார். தேடிக் காணாத நாயனார், அதனினும் நல்ல ஓடு தருவதாகச் சொன்னார். யோகியாரோ, பொன்னாலே செய்து தந்தாலும் வேண்டாம், நான் தந்ததே வேண்டும் என்றார்.

அடியார்களே, இங்கே சற்று நில்லுங்கள். வாழ்நாள் முழுவதும் ஓடு செய்தவர் அவர். ஆயினும் நம்பி ஒப்படைத்த அந்த ஒன்றுக்கு மாற்று ஓடு செய்ய அவராலும் முடியவில்லை. மனைவியார் அவரிடம் வைத்த நம்பிக்கையும் அத்தகையதே. உடைந்த பானைக்குப் பதில் வேறு பானை வனையலாம். உடைந்த நம்பிக்கைக்கு அப்படி ஒன்றை வனைந்து கொடுக்க இயலாது.

வழக்கு தில்லைவாழந்தணர் அவைக்குப் போயிற்று. மனைவியின் கையைப் பிடித்துக் குளத்திலே மூழ்கிச் சத்தியம் செய் என்றார் யோகியார். இருவரும் ஒரு மூங்கிற்கோலின் இரு முனைகளைப் பற்றி இறங்கினர். கையையே பிடிக்க வேண்டும் என்று யோகியார் வற்புறுத்தியபோது, இளமையிலே நடந்ததை ஊரார் எல்லோரும் கேட்க நாயனார் சொன்னார். சொல்லி மூழ்கி எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தனர். சிதம்பரத்திலே இளமையாக்கினார் கோயிற் குளம் இதற்குச் சான்றாய் இன்றும் உள்ளது.

இளமையைத் தந்தது இறைவன் அருள். அவ்வருள் வந்ததோ, குற்றத்தை மறையாது வாய்திறந்து சொன்ன அந்த வேளையிலே. நம் வீடுகளிலும் ஒரு கூரையின் கீழ் ஆண்டுக்கணக்காகப் பேசாதிருக்கும் கணவன் மனைவியர், அண்ணன் தம்பியர் உண்டு. பிழை செய்தவர் "பிழைதான்" என்று முதலிலே சொல்லட்டும். இவ்வாண்டு கும்பத்தின் முன் கைகூப்பும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்லும் துணிவைப் பெருமானிடம் வேண்டுவோமாக.

திருச்சிற்றம்பலம்.