மற்றவை நேரில்

டிசம்பர் கடைசி வாரத்தில் நான் ஒரு கடிதம் எழுதுவது வழக்கம். கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த ஒன்பது பேருக்கு, மெயிலில் போகும். பெண் எந்த வகுப்புக்குப் போயிருக்கிறாள், கோடையில் எந்த ஊருக்குப் போனோம், அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு, மழைக்கு அயனம்பாக்கம் ஏரி எந்த மட்டுக்கும் நிறைந்தது. ஒன்றரைப் பக்கம், நாலு படம். ஏழு வருடம் விடாமல் எழுதினேன். போன வருடம் எழுதவில்லை. அதற்குக் காரணம் அந்த ஏழாவது கடிதம்.

அந்த வருடம் எனக்கு வேலை போயிருந்தது. ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். அதற்கு நடுவில் என் மனைவிக்கு நான்காவது மாதத்தில் கரு கலைந்தது. கடிதத்தில் இப்படி எழுதினேன்: ‘வேலையிலிருந்து சின்ன இடைவெளி எடுத்தேன். பெண்ணுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தேன். பல வருடம் கழித்து வீட்டில் நிறைய நேரம் இருந்தேன்.’ நீச்சல் நிஜம். வீட்டில் இருந்ததும் நிஜம். ‘எடுத்தேன்’ என்ற ஒரு சொல்தான் இடறுகிறது.

ஆறு மாதம் கழித்து கோவையிலிருந்து நண்பன் ஒருவன் வந்தான். சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று சொன்னான்: “டேய், அந்த டிசம்பர்ல எனக்கும் வேலை போயிருந்துச்சு. உனக்குப் போன் பண்ணலாம்னு கையில எடுத்தேன். அப்பதான் உன் லெட்டர் வந்துச்சு. படிச்சிட்டு வச்சிட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா தகவலாகத்தான் சொன்னான். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உலகத்தில் அவன் நிலைமையில் இருந்த இன்னொருவன் நான். என்னிடமே அவன் பேச முடியாதபடி செய்தது நான் எழுதிய கடிதம்.

அப்படியானால் எல்லாவற்றையும் எழுதியிருக்க வேண்டுமா? மனைவியிடம் கேட்டேன். “உன் வேலை போனதை நீ எழுதிக்கோ. இது என் உடம்பு. ஒன்பது பேர் காபி குடிச்சிக்கிட்டே படிக்கிறதுக்கு நான் சம்மதிக்கல” என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. குடும்பச் செய்தி என்பது ஒரு ஆளுக்குச் சொந்தமானதல்ல; எழுதுகிறவன் அதில் ஒரு பங்குதாரர், அவ்வளவுதான். நாளைக்கு என் பெண்ணும் தன் மார்க்கைப் பற்றி இதையே கேட்கலாம்.

திருக்குறளில் வாய்மை அதிகாரத்தைப் படித்தால், வள்ளுவர் நடந்ததைச் சொன்னாயா இல்லையா என்ற இடத்தில் தொடங்குவதில்லை. சொல் பிறருக்குத் தீங்கு செய்ததா என்று பார்க்கிறார். இதைப் பொய்க்குக் கொடுத்த சலுகையாகத்தான் பலரும் எடுத்துக்கொள்கிறோம். எனக்கு இது இன்னும் கடுமையான விதியாகப் படுகிறது. ஏறக்குறைய எல்லா வரியும் உண்மையாக இருந்த என் கடிதம் அந்த அளவுகோலில் தோற்றுவிட்டது. மனைவியின் துயரத்தைக் கேட்காமல் எழுதியிருந்தால் அதுவும் தோற்றிருக்கும்.

இந்தச் சிக்கல் பழையது. 1542 டிசம்பரில், இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா தன் தோழர் பீட்டர் ஃபேபருக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரதான கடிதம் யாரிடமும் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். எழுதி, திருத்தி, மறுபடி எழுத வேண்டும். மற்ற விஷயங்களைத் தனித்தாளில் மனம்போல எழுதலாம் என்பது அவர் சொன்ன ஏற்பாடு. பிறகு அந்தச் சபையில் ஆண்டுக்கடிதம் என்பது ஒரு முறையாகவே வளர்ந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்டோ டி நொபிலி தொடங்கிய மதுரை மிஷனிலிருந்தும் அப்படிக் கடிதங்கள் போயின. சத்தியநாதய்யர் 1924இல் வெளியிட்ட மதுரை நாயக்கர் வரலாற்றுக்கு அவை முக்கியமான ஆதாரம். வரலாற்றாசிரியர்கள் அவற்றைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் படிக்கிறார்கள். ஊக்கம் கொடுப்பதற்காக எழுதியவை என்று தெரியும். நொபிலியின் முறைகள் மேல் அவரோடு மதுரையில் இருந்த பாதிரியாரே 1610இல் ரோமுக்குப் புகார் எழுதினார். 1623இல் போப்பின் ஆணை வந்துதான் விவகாரம் ஓய்ந்தது. அந்த மாதிரிச் சண்டையெல்லாம் வேறு தாளுக்கு உரியவை.

இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. சபைக்குள் இருப்பவருக்கு, இன்னொரு தாள் உண்டு என்று தெரியும். என் கடிதத்தில் குறைந்தது அதுதான். நாங்கள் ஒரு மென்பொருளை வெளியிடும்போதுகூட, புதிய வசதிகளுக்குக் கீழே ‘தெரிந்த குறைகள்’ என்று ஒரு பட்டியல் போடுகிறோம். நண்பர்களுக்கு நான் அதைக்கூடச் செய்யவில்லை.

நம்முடைய நீல நிற இன்லண்டு லெட்டரில் உள்ளே எதையும் வைக்கக்கூடாது என்று அச்சடித்தே இருக்கும். தனித்தாளுக்கு வழியில்லை. அதற்கு நம் ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ‘இங்கு அனைவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்’ என்று தொடங்கும் கடிதம் ‘மற்றவை நேரில்’ என்று முடியும். ஆரம்பத்தில் வரும் நலத்தை யாரும் மருத்துவ அறிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வரும் இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டுப் பாட்டி, “ஏதோ இருக்கு, ஒரு நடை போய்ட்டு வா” என்பாள். ரகசியம் ரகசியமாகவே இருந்தது, கதவும் திறந்திருந்தது.

இதையும் கெடுத்துவிட முடியும். பொடி வைத்துப் பேசி, ‘என்னாச்சு என்னாச்சு’ என்று ஒன்பது பேரையும் கேட்க வைப்பது ஒரு தினுசு பசி. வித்தியாசம் எங்கே என்றால், அந்தச் சொல்லுக்கு ஒரு கடன் உண்டு. நேரில் என்று எழுதியவன் நேரில் போகவேண்டும், அல்லது வருகிறவனை உட்காரவைத்துச் சொல்லவேண்டும். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போனபோது அவர்கள் சொல்லியிருக்கிறார்கள், கேட்டுமிருக்கிறார்கள். போகாமலே எழுதினால் அதுவும் பொய்தான்.

இந்த வருடம் மறுபடி எழுதினேன். பழைய கடிதத்தில் ‘இடைவெளி எடுத்தேன்’ என்றது சரியில்லை, வேலை போனது என்று முதல் பத்தியிலேயே திருத்தினேன். அனுப்புவதற்கு முன்னால் மனைவியிடம் கொடுத்தேன். ஒரு வரியை அடித்தாள், ஒரு வரியை விட்டுவிட்டாள். ஏரி, நீச்சல், அப்பாவின் சர்க்கரை எல்லாம் இருந்தன. கடைசியில் ‘மற்றவை நேரில்’ என்று எழுதினேன்.

ஜனவரியில் கோவைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.